தகப்பன் பெயர் காலியாக இருக்கக் கூடாது

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து எங்கள் கோயிலின் பங்கு அலுவலகத்தில் கூடினோம். இருந்தவர்கள்: பங்குத்தந்தை ஃபாதர் இருதயராஜ். பங்குப் பேரவைச் செயலாளர் கொரைரா சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சென்னைக் கம்பெனி வேலையைத் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தே பார்க்கும் பென்சிகர். பங்குக்கு வேண்டிய மென்பொருளைக் கூலி வாங்காமல் எழுதித் தருகிறவர். அவருக்கு உதவியாக நான், ஹில்டா மச்சாது. ஐந்தாவதாக என் கணவர் கஸ்பார். இவர் எந்தக் குழுவிலும் இல்லை. எனக்குக் குடை கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே மழையும் இல்லை.

பங்கின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளை எல்லாம் கணினிக்கு மாற்றுகிறோம். கணினிக்குள் ஒவ்வொரு பதிவும் ஓர் ஆப்ஜெக்ட், கட்டம் கட்டமாக நிரப்பிய படிவம் மாதிரி. அது உள்ளே போகும்முன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாசலில் ஒரு காவல் வேண்டும். அந்தக் காவலுக்கென்றே ஆயத்தமான மென்பொருள் கட்டமைப்புகள், ஃபிரேம்வொர்க்குகள், கிடைக்கின்றன. எதை எடுப்பது என்பதுதான் பேச்சு.

முதலாவது, எனக்குப் பழக்கமானது. என் மகள் ஜெசி விட்டுப்போன பழைய மடிக்கணினியில் வீடியோ பார்த்து ஜாவா படித்தபோது நான் கற்றது இதைத்தான். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் சீட்டு ஒட்டுவது மாதிரி விதியை ஒட்டிவிடலாம். 'காலியாக இருக்கக் கூடாது.' 'வருங்காலத் தேதி கூடாது.' ஒன்று தவறினாலும் பதிவு அப்படியே திரும்பிவிடும். நான் இதை ஒட்டுச்சீட்டு முறை என்கிறேன்.

இரண்டாவது பென்சிகருக்குப் பிடித்தது. விதிகள் தனியாக இருக்கும். ஒரு விதி இன்னொன்றின் முகம் பார்த்து நடந்துகொள்ளும். குறை இருந்தால் பதிவைத் திருப்பாது. உள்ளே வாங்கி, 'கேட்க வேண்டியது' என்று குறி போட்டு வைத்துக்கொள்ளும். ஒட்டுச்சீட்டு முறையிலும் இதைச் செய்யலாமாம், ஆனால் வளைத்து வளைத்து எழுத வேண்டுமாம்.

உள்ளே விட்டுவிட்டு அப்புறம் கேட்பதா. வீட்டுக்குள் வந்து சாப்பிட்டு முடித்தவனிடம் நீ யார் என்று கேட்கிற கதைதான். நான் இதைச் சொன்னதும் கொரைரா சார் மீசைக்குள் சிரித்தார். என்ன அர்த்தத்தில் சிரித்தார் என்று தெரியவில்லை.

அப்போது இவர், டிவி ரிமோட்டில் பேட்டரி மாற்றவே என்னைக் கூப்பிடுகிற மனுஷன், வாயைத் திறந்தார்.

"அந்த ரெண்டாவது நல்லா இருக்குல்லா, ஃபாதர்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். இவர் குடையின் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

முடிவை டிசம்பர் இரண்டாம் ஞாயிறுக்குத் தள்ளினோம். அதுவரை இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது. விதிகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. கிறிஸ்துமசுக்கு அடுத்த ஞாயிறு பங்கில் பொது ஞானஸ்நானம். அந்தக் குழந்தைகளின் பெயர்கள்தான் கணினியில் முதலில் ஏறும்.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் விதிகள் எழுதினேன். பழைய அச்சுப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் போனேன். விதி நான்கு: தகப்பன் பெயர் காலியாக இருக்கக் கூடாது. தவறினால் திரையில் வர வேண்டிய வாசகத்தையும் நானே எழுதினேன்: 'இந்தப் பதிவை ஏற்க இயலாது.' சிவப்பு எழுத்தில். 'தயவுசெய்து' என்று ஒரு சொல் சேர்க்கலாமே அக்கா என்று பென்சிகர் போனில் கேட்டார். வாசலில் நிற்கிற காவலாளுக்கு அது எதற்கு என்றேன்.

உளுந்து கணக்கு இடிக்கிறது. மாதம் பிறந்தபோது வாங்கியது. மாவு அரைத்தது இரண்டே தடவை. பாதிக்கு மேல் இருக்க வேண்டிய டப்பா அடி தெரிகிறது. கருப்பட்டியும் குறைகிறது. நல்லெண்ணெயில் பிரிக்காத பாட்டில் ஒன்றைக் காணோம். இவரிடம் கேட்டேன். எறும்பாக இருக்கும் என்றார். எறும்பு தின்றுவிட்டு மூடியை இறுக்கி மூடியும் வைக்குமா.

நவம்பர் 12, புதன்

இவர் நாளை பெங்களூரு போகிறாராம். துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவரின் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை எங்கே என்றேன். வாட்ஸ்அப்பில் வந்து அழிந்துவிட்டதாம்.

நவம்பர் 13, வியாழன்

மைசூர் எக்ஸ்பிரசுக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்குப் போகிறவர் பட்டு வேட்டியை எடுக்கவில்லை. பையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று போனேன். "நீ தூக்காதே, இடுப்பு பிடிச்சிரும்" என்று பிடுங்கிக்கொண்டார். அவ்வளவு கனம். ஊறுகாய் வாசனை இல்லை, கருவாட்டு வாசனை இல்லை. பூண்டு வாசனை வந்தது.

அங்கேதானே ஜெசி இருக்கிறாள், பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். "நேரம் இருந்தா பாக்கேன்" என்றார். பெற்ற மகளைப் பார்க்க நேரம் இருந்தால்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஜெசி கூப்பிட்டாள். முகம் காட்டவில்லை. கேமரா பழுதாம். போன தடவையும் பழுது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு கேமராவைச் சரிசெய்ய இத்தனை மாதமா.

அப்பா வந்தார்களா என்றேன். "வந்தாங்க" என்றாள். பின்னால் ஏதோ மெல்லிய சத்தம், பூனைக்குட்டி கத்துவது மாதிரி. பூனை வளர்க்கிறாயா என்றேன். பக்கத்து வீட்டுப் பூனை என்றாள். உடனே சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனையை வாயை மூடச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது போல.

பிறகு என் மென்பொருளைப் பற்றிக் கேட்டாள். அவள் தொழில் அல்லவா, சந்தோஷமாக எல்லாம் சொன்னேன். இரண்டு முறைகளையும் கேட்டுவிட்டு, "தப்பான ரெக்கார்ட் வந்தா நீ என்னம்மா செய்வே?" என்றாள்.

"திருப்பி அனுப்பிருவேன். திருத்திட்டு வரட்டும்."

"திருத்த முடியாததா இருந்தா?"

"அப்ப அது எதுக்கு உள்ள வரணும்?"

கறிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாள்.

மதியம் விளைமீன் குழம்பு. ஒரு ஆளுக்கு எதற்கு அவ்வளவு மீன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இவர் திரும்பி வந்துவிட்டார். பை காற்றாய் இருக்கிறது. கல்யாணச் சாப்பாடு எப்படி என்றேன். "சாப்பாடா? நல்லாத்தான் இருந்துச்சு" என்று யோசித்துச் சொன்னார். பெண் பெயர் கேட்டேன். மறந்துவிட்டதாம். துணி துவைக்கும்போது சட்டையின் இடது தோளில் வெள்ளையாக ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன். புளித்த பால் வாசனை. பாயாசம் கொட்டியது என்கிறார். பாயாசம் மடியில் கொட்டும். தோளில் எப்படிக் கொட்டும்.

வந்ததிலிருந்து தனியாக இருக்கும்போது ஏதோ முனகுகிறார். கிட்டே போய்க் கேட்டால், ஜெசி தொட்டிலில் கிடந்தபோது பாடின பாட்டு. வயசாகிறது.

நவம்பர் 21, வெள்ளி

விதிகளில் திருத்தம் கொடுக்கப் பங்கு அலுவலகம் போனேன். கணினி முன்னால் பென்சிகர். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இவர். ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். திரையில் சிவப்பு எழுத்து. என் எழுத்து: 'இந்தப் பதிவை ஏற்க இயலாது.' இவர் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் பென்சிகர் திரையை மாற்றிவிட்டார்.

"பிரிண்டர் எப்படி ஓடுதுன்னு பாக்க வந்தேன்" என்றார் இவர். பிரிண்டருக்கு மேல் துணி போட்டு மூடியிருந்தது.

வழி நெடுக எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இதற்குப் பின்னால் கொரைரா சார் இருக்கிறார். அவர் வீட்டுப் பக்கத்தில் யாருக்கோ ஏதோ நடந்திருக்கிறது, அதை மூடுவதற்குப் பதிவேட்டில் ஓட்டை வேண்டும். பேரவையில் தானே கேட்டால் அசிங்கம். அதற்கு இவரை வைத்து, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற இந்த மனுஷனை வைத்து, பென்சிகரிடம் காரியம் பார்க்கிறார். அன்றைக்கு மீசைக்குள் சிரித்தது இதற்குத்தான்.

விதி நான்கை விடமாட்டேன். பதிவேடு என்றால் நாளைக்கு ஒரு பிள்ளை வந்து தன் பெயரைத் தேடும் இடம். அதில் ஓட்டை இருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒருசந்தி விரதம். இவரும் சாப்பிடவில்லை. வழக்கமாக இவருக்கு ஒருசந்தி நினைவே இருக்காது.

நவம்பர் 23, ஞாயிறு

கிறிஸ்து அரசர் திருநாள். ஜெசி கிறிஸ்துமசுக்கு வருவது உறுதியில்லையாம். லீவு கிடைக்காதாம். அவள் வந்து போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவளுக்கு வேண்டும் என்று பழம் ஊறப்போட்டு வைத்திருக்கிறேன். அவள் வராவிட்டால் இந்தக் கேக்கை யார் தின்பது.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் குடிலுக்குத் துணி எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஜெசியின் ஞானஸ்நானச் சட்டையைக் காணோம். நானே தைத்தது. வெள்ளைச் சாட்டின், கழுத்தில் லேஸ். நீலக் காகிதத்தில் சுற்றி அடியில் வைத்திருப்பேன். காகிதம் இருக்கிறது. மடித்துத்தான் இருக்கிறது, ஆனால் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி.

வேட்டியையும் அப்படித்தான் மடிப்பார்.

இவரிடம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றில்லை. இவர் குடிலுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார், வேலை கெடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

செபமாலையில் இரண்டாம் பத்து மணியில், தேவமாதா பிள்ளைத்தாய்ச்சி எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போன இடத்தில், மணி எண்ணிக்கை தப்பிவிட்டது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். திரும்பவும் தப்பியது.

டிசம்பர் 5, வெள்ளி

நானே ஃபாதரைப் பார்க்கப் போனேன். விதிகளைப் பின்வாசல் வழியாக மாற்றப் பார்க்கிறார்கள் என்று சொல்லத்தான். கொரைரா சார் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் புரிகிற மாதிரி சொன்னேன். என் கணவரும் அதற்கு உடந்தை என்பதையும் மறைக்கவில்லை. ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். பிறகு விதி நான்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

"பழைய பதிவேட்டுல அந்தக் கட்டம் இருக்கு, ஃபாதர்."

"கட்டம் இருக்குன்னா நிரப்பியே தீரணும்னு யாரும்மா சொன்னா?"

சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் வாயில் வந்தது. யார் என்று யோசித்தேன். யாரும் சொல்லவில்லை. திருச்சபைச் சட்டமே அதற்கு வழி வைத்திருக்கிறது என்றார் ஃபாதர். கல்யாணம் ஆகாத தாய் பிள்ளையைக் கொண்டு வந்தால் தாயின் பெயரை எழுதி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியதுதான். தகப்பன் யார் என்பதற்கு முறையான சான்று இல்லாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும். அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்து, அப்படி இருக்கும் பக்கங்களைக் காட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் கேள்விக்குறி போட்டது நான்தான்.

கிளம்பும்போது ஃபாதர், "கஸ்பாரைத் திட்டாதீங்க. அவரு யாருக்கும் உடந்தை இல்ல" என்றார்.

யாருக்கும் இல்லை என்றால், பிறகு யாருக்காக.

டிசம்பர் 7, ஞாயிறு

மதியம் மக்ரூனுக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தோம். இவர் உடைக்க, நான் பொடித்தேன். கையில் வேலை இருக்கும்போதுதான் இவரிடம் கேட்க முடியும், எழுந்து ஓடமாட்டார்.

"யாருக்காக இப்படி அலையுதீங்க?" என்றேன்.

நாலைந்து பருப்பு உடைத்தார். உடைத்ததை எல்லாம் தட்டின் ஓரமாக வரிசையாக அடுக்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"நீ எழுதி வச்சிருக்கியே சிவப்புல. அதை அவகிட்ட நான் எப்படி ஹில்டா வாசிச்சுக் காட்டுவேன்?"

'அவ' யார் என்று நான் கேட்கவில்லை.

"கிறிஸ்துமசுக்கு வரணும்னு உசிரா இருக்கா" என்றார் பிறகு. "நம்ம கோயில்லதான் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தணும்னு சொல்லுதா. அம்மா கதவைத் திறப்பாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கப்பான்னா. எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல. சரி, கம்ப்யூட்டர் திறக்குதான்னு முதல்ல பாப்போம்னு போனேன்."

முந்திரி கரிந்துவிட்டது என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் எதுவும் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

அமலோற்பவ மாதா திருநாள். பூசை கண்டேன். நற்கருணை வாங்கினேன். பால் ஒரு லிட்டர், முட்டை ஒரு டஜன். வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 10, புதன்

பென்சிகரை வெளியே டீ குடித்து வரச் சொல்லிவிட்டு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். சோதனைக்கு ஒரு பதிவு வேண்டும். தாய் பெயர் என்ற இடத்தில் கைக்கு வந்த பெயரை அடித்தேன்: ஜெசிந்தா மச்சாது. தகப்பன் பெயர், காலி. பிள்ளையின் பெயர், காலி. பிறந்த தேதி, காலி. எனக்கு எப்படித் தெரியும்.

ஒட்டுச்சீட்டு முறையில் பொத்தானை அழுத்தினேன். இந்தப் பதிவை ஏற்க இயலாது. என் வாசகத்தை நான் திரை முன்னால் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எழுதும்போது இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. எழுத்து முகத்தில் வந்து அடிக்கிறது. மேலே, என் மகள் பெயர் அப்படியே நின்றது.

பிறகு மற்றதைத் திறந்தேன். விதி நான்கை மாற்றி எழுதினேன்: தகப்பன் பெயர் தெரிந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் தாய் பெயர் போதும். பொத்தானை அழுத்தினேன். பதிவு உள்ளே போய்விட்டது. கீழே பச்சையில் இரண்டு வரி: 'கேட்க வேண்டியது: பிள்ளையின் பெயர். கேட்க வேண்டியது: பிறந்த தேதி.'

தகப்பனைப் பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை.

பென்சிகர் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீயை மேசையில் வைத்தார். "ஆறிரும், குடிங்கக்கா" என்றார். அந்தச் சோதனைப் பதிவை அழிக்கட்டுமா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நாட்டு மருந்துக் கடையில் காயமருந்துக்கு வேண்டியதெல்லாம் கட்டச் சொன்னேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். வீட்டுக்கு என்றேன். இவர் கொண்டுபோனது பூண்டும் உளுந்தும். மருந்து இடிக்க இவருக்கு என்ன தெரியும். பிள்ளை பெற்ற உடம்பு எப்படித் தேறும்.

டிசம்பர் 14, ஞாயிறு

இருந்தவர்கள்: ஃபாதர் இருதயராஜ், கொரைரா சார், பென்சிகர், நான். நல்ல மழை. இவர் குடை கொண்டு வரவில்லை. வீட்டில் மாடி அறைக்கு வெள்ளையடிக்கிறார். நான்தான் அடிக்கச் சொன்னேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை, ஏணியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்.

இரண்டாவது முறையையே எடுக்கலாம் என்று நான் சொன்னேன். ஃபாதர் தலையை ஆட்டினார். எதிர்த்தவர் கொரைரா சார்தான். ஒட்டுச்சீட்டுதான் ஒழுங்கு, கண்டதையும் உள்ளே விட்டால் பதிவேடு சந்தைக்கடை ஆகிவிடும் என்றார். ஒரு மாதமாக நான் அவர் தலையில் கட்டி வைத்திருந்த கதை எல்லாம் அவருக்குத் தெரியாது, பாவம்.

"நீங்கதானேம்மா காவல் வேணும்னு நின்னீங்க?" என்றார். "நீங்க சொன்னதைக் கேட்டு நான்கூட மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்."

"காவல் வேணும் சார். ஆனா அது வாசல்ல நின்னு விரட்டக் கூடாது. உள்ள கூப்பிட்டு உட்கார வச்சுக் கேக்கணும்."

யாருக்காக இந்த மாற்றம் என்று கேட்டார். அந்தச் சந்தேகம் எனக்குத் தெரிந்த சந்தேகம்தான், அதனால் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டுக்காக என்றேன். கொரைரா சார் மழையைப் பார்த்துவிட்டு, சரி, எழுதிக்கோங்க என்றார்.

பொது ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த ஞாயிறு. வீட்டுக்கு வந்து, ஈரப் புடவையோடு நின்றபடி ஜெசிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பியதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

"ஜெசி, மாடி ரூமுக்கு அப்பா வெள்ளையடிக்காங்க. காயமருந்து இடிச்சு வச்சிருக்கேன். அந்தச் சட்டையில கழுத்து லேஸ் குத்தும், உள்ள ஒரு பருத்தித் துணி வச்சுத் தை. கோயில் கம்ப்யூட்டர்ல விதியை மாத்தியாச்சு. இப்ப மூணுதான் கட்டாயம். தாய் பேரு என்கிட்ட இருக்கு. பிள்ளை பேரும் பிறந்த தேதியும் வேணும். சீக்கிரம் பதில் போடு."